ஜைக்கா முதல் செவில்யா வரை: வளர்ச்சிக்கான வெளிநாட்டு நிதி பற்றி பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டுக் கடனில் நடக்கும் குடிநீர், சாக்கடை, ரயில் திட்டங்களுக்குக் கணக்குத் தணிக்கை செய்வது என் வேலை. இது தெரிந்த நண்பர்கள், அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்துக் கல்யாணப் பந்தி வரை, அதே கேள்விகளைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். என் கட்சி எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எத்தனை கோடி வருகிறது என்ற அறிவிப்பைவிட, என்ன வட்டி, எத்தனை வருடம், எந்த நாட்டுப் பணம், கடைசியில் கட்டப்போவது யார் என்ற நாலு விஷயம்தான் எனக்கு முக்கியம்.

காவிரி ஐந்தாம் கட்டத் திட்டத்தில் ஜைக்கா, ஜைக்கா என்கிறார்களே, அது என்ன?

ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பு. பெங்களூருக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல் காவிரித் தண்ணீர் கொண்டுவரும் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபர் 16 அன்று மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. மாநகராட்சியோடு பின்னால் சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்காகத்தான் இது முக்கியமாகப் போடப்பட்டது. கிராமம் என்றால் ஏதோ வயல்வெளி என்று நினைக்காதீர்கள், மகாதேவபுரா பக்கம் ஐடி கம்பெனிகளும் முப்பது மாடிக் கட்டடங்களும் நிற்கிற இடமெல்லாம் அந்தக் கணக்கில் வருகிறது. இத்தனை வருடமாக அங்கே போர்வெல்லும் டேங்கரும்தான். 2024 கோடையில் டேங்கர்காரர்கள் கேட்ட விலையைத் தாங்க முடியாமல், 6,000 லிட்டர் டேங்கருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 600 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகமே விலை கட்ட வேண்டி வந்ததை இங்கே இருக்கிற யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சாக்கடை வேலையையும் சேர்த்து சுமார் 5,500 கோடி ரூபாய்த் திட்டம். ஐந்தில் நாலு பங்குக்கு மேல் ஜைக்கா பணம். கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2018 தொடக்கத்தில், பெங்களூரின் குடிநீருக்கென்று கர்நாடகத்துக்கு 4.75 டிஎம்சி கூடுதலாகக் கொடுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதே ஆண்டு பிப்ரவரியில். தமிழனாகப் பிறந்துவிட்டு, குழாயைத் திறந்தால் வருகிற காவிரியைப் பற்றிக் கருத்துச் சொல்லச் சொன்னால் நான் கம்மென்று குடித்துவிட்டுப் போய்விடுவேன், அந்த வழக்கு வேறு கதை.

அது கடனா, இனாமா?

கடன். ஜப்பான்காரன் தண்ணீர் கொடுத்தான் என்று பேசுகிறவர்களுக்கு இதை அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது.

பொதுவாக மூன்று விதமாகப் பணம் வரும். திருப்பிக் கொடுக்க வேண்டாத மானியம் ஒன்று. வட்டி குறைவாக, தவணை நீளமாக, முதல் சில வருடம் அசல் கட்டத் தேவையில்லாமல் கொடுக்கும் சலுகைக் கடன் இரண்டாவது. சந்தை வட்டியை ஒட்டிப் போகும் கடன் மூன்றாவது. உலக வங்கிக்குள்ளேயே இந்தப் பிரிவு உண்டு: ரொம்ப ஏழை நாடுகளுக்கென்று 1960-ல் ஆரம்பித்த ஐடிஏ என்ற பிரிவு மானியமும் சலுகைக் கடனும் கொடுக்கிறது, மற்றவர்களுக்குச் சந்தை வட்டியை ஒட்டிக் கடன் கொடுக்கும் ஐபிஆர்டி என்ற பிரிவு. நெடுங்காலம் ஐடிஏவிடம் உலகத்திலேயே அதிகம் வாங்கிய நாடு இந்தியாதான். 2014-ல் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்து, இப்போது அதே ஐடிஏவுக்குப் பணம் போடும் நாடுகளில் ஒன்றாக இருக்கிறது.

சலுகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மும்பை-அகமதாபாத் புல்லட் ரயில் நல்ல உதாரணம். 0.1 சதவீத வட்டி, 50 வருடத் தவணை, முதல் 15 வருடம் அசல் கிடையாது. எல்லாத் திட்டத்துக்கும் இப்படிக் கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

சரி, திருப்பிக் கட்டுவது யார்? டெல்லியா, கர்நாடகாவா, நாமா?

மாநிலங்கள் வெளிநாட்டில் நேரடியாகக் கடன் வாங்குவது கிட்டத்தட்ட இல்லை. ஒப்பந்தத்தில் கடனாளி என்று இருப்பது பெரும்பாலும் இந்திய அரசு. அங்கிருந்து மாநிலத்துக்கு வருகிறது. 2005 வரைக்கும், சாதாரண மாநிலங்களுக்கு வெளிநாட்டு உதவியை 70 பங்கு கடன், 30 பங்கு மானியம் என்று மாற்றித்தான் டெல்லி கொடுத்துக்கொண்டிருந்தது, செலாவணி ஏற்ற இறக்கமும் டெல்லி தலையில். 12-வது நிதிக் குழு சொன்னதற்கு அப்புறம் அது மாறிவிட்டது. இப்போது வெளிநாட்டுக்காரர் என்ன நிபந்தனையில் கொடுத்தாரோ அதே நிபந்தனையில் மாநிலத்துக்குப் போகிறது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90 பங்கு மானியம் என்ற சலுகை தொடர்கிறது.

இதனால் என்ன ஆகிறது? வட்டி ஒரு சதவீதம்தானே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் ரூபாய் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 2018 தொடக்கத்தில் டாலர் 64 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது, 2025-ல் 85-ஐத் தாண்டியது. டாலரில் வாங்கியிருந்தால் வட்டியைத் தொடாமலேயே அசல் ரூபாய்க் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு வீங்கியிருக்கும். யென் 2022-க்கு அப்புறம் டாலரிடம் அடி வாங்கியதால், யென் கடன் வாங்கியவர்கள் பிழைத்தார்கள். அது அதிர்ஷ்டம், திறமை என்று யாராவது மேடையில் பேசினால் நம்ப வேண்டாம்.

இன்னொரு செலவு யார் கண்ணிலும் படுவதில்லை. எடுக்காத கடனுக்கும் கட்டணம் உண்டு. ஆசிய வளர்ச்சி வங்கியை எடுத்துக்கொண்டால், கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னும் எடுக்காமல் வைத்திருக்கும் தொகைக்கு ஆண்டுக்கு 0.15 சதவீதம். நிலம் கையில் வராமல், மரம் வெட்ட அனுமதி வராமல் வேலை மூன்று வருடம் தள்ளிப்போனால் அந்த மூன்று வருடத்துக்கும் இது ஓடிக்கொண்டே இருக்கும்.

பணம் எப்படி நகர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிலிருந்தோ, ஆசிய வளர்ச்சி வங்கி இருக்கிற மணிலாவிலிருந்தோ மொத்தமாகப் பெட்டியில் வருவதில்லை. சாலையைத் தோண்டிக் குழாய் இறக்கியதும், இளநிலைப் பொறியாளர் டேப் பிடித்து அளந்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார்: இந்தத் தெருவில் இத்தனை மீட்டர், இத்தனை மில்லிமீட்டர் விட்டம், ஆழம் இவ்வளவு. மேலே இருக்கிறவர் அதில் ஒரு பகுதியைத் திரும்ப அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அதை வைத்து கான்டிராக்டர் பில். பல திட்டங்களில் மாநிலம் முதலில் தன் கையிலிருந்து பில்லைக் கொடுத்துவிட்டு, செலவுப் பட்டியலை டெல்லியில் நிதி அமைச்சகத்தின் உதவிக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புகிறது, அவர்கள் கடன் கொடுத்தவரிடம் கேட்டு வாங்கித் தருகிறார்கள். எம்-புக்கில் ஒரு பக்கத்தில் தேதி அடித்துத் திருத்தியிருந்தால்கூட என் மாதிரி ஆள் அந்தப் பில்லை நிறுத்தி வைப்பான். அதற்காக என்னைத் திட்டாத கான்டிராக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கடைசிக் கேள்விக்கு வந்தால், ஆமாம், நாமும்தான். வரியாக ஒரு பங்கு, தண்ணீர் பில்லாக ஒரு பங்கு. 2014-க்கு அப்புறம் முதல் தடவையாக 2025 ஏப்ரலில் வாட்டர் போர்டு கட்டணத்தை உயர்த்தியது. கரண்ட் செலவும் பராமரிப்பும் ஏறிவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம், அது நியாயமும்கூட. நூறு கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீரை ஏற்றுகிற ஊர் இது.

ஜப்பானுக்கு இதில் என்ன லாபம்?

வட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. நட்பு, செல்வாக்கு, சீனாவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு துணை, தங்கள் கம்பெனிகளுக்கு வியாபாரம். ஜப்பானின் முதல் யென் கடனே 1958-ல் இந்தியாவுக்குத்தான் போனது. சில வகைக் கடனில் இவ்வளவு பங்காவது ஜப்பானியக் கம்பெனிகளிடம் வாங்க வேண்டும் என்ற கட்டு உண்டு, அப்படிப்பட்ட கடனில் வட்டி அநியாயத்துக்குக் குறைவாக இருக்கும். குறைந்த வட்டியில் மிச்சப்பட்டதைப் பொருளின் விலையில் கொடுத்துவிட்டோமா என்பதை ஒவ்வொரு டெண்டராகப் பார்த்துத்தான் சொல்ல முடியும், மொத்தமாகத் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

நம்ம மெட்ரோவுக்கும் இதே மாதிரிதானா?

அதில் இன்னும் கூட்டம் அதிகம். முதல் கட்டத்துக்கு ஜைக்கா. காளேன அக்ரஹாரா-நாகவாரா பிங்க் லைனுக்கு ஐரோப்பிய முதலீட்டு வங்கி 50 கோடி யூரோ, பெய்ஜிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 33.5 கோடி டாலர். சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வழியாக விமான நிலையம் போகிற பாதைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 50 கோடி டாலர், கூடவே மறுபடி ஜைக்கா.

பெய்ஜிங் வங்கி என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். அந்த வங்கியில் சீனாவுக்கு அடுத்த பெரிய பங்குதாரர் இந்தியா, அதிகம் கடன் வாங்கியிருப்பதும் இந்தியா.

17 இலக்குகள், எஸ்டிஜி என்று ஆபீஸில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2015 செப்டம்பரில் ஐ.நா.வில் எல்லா நாடுகளும் 2030-க்குள் செய்து முடிப்போம் என்று ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளின் பட்டியல் அது. 17 இலக்கு, அதற்குள் 169 உப இலக்கு. ஆறாவது தண்ணீரும் சுகாதாரமும், பதினோராவது நகரங்கள், பதினேழாவது நாடுகளுக்குள் ஒத்துழைப்பும் நிதியும். காவிரிக் குழாயும் மெட்ரோவும் கடன் பத்திரத்தில் இந்த எண்களைச் சுமந்துகொண்டுதான் வருகின்றன.

பட்டியல் போட்டாயிற்று, பணம் எங்கே என்பதற்கு அதே 2015 ஜூலையில் அடிஸ் அபாபாவில் ஒரு மாநாடு நடந்தது. அதற்கு முன்னால் 2002-ல் மான்டெர்ரே, 2008-ல் தோஹா. இப்போது சொல்லப்படும் பற்றாக்குறை ஆண்டுக்கு 4 லட்சம் கோடி டாலர். ஐ.நா.வின் 2025 அறிக்கைப்படி, உப இலக்குகளில் 35 சதவீதம்தான் சரியான பாதையிலோ சுமாரான வேகத்திலோ போகிறது. 18 சதவீதம் 2015-ல் இருந்த இடத்துக்கும் பின்னால்.

பணக்கார நாடுகள் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறார்களா?

இல்லை. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் வளர்ச்சி உதவியாகக் கொடுப்போம் என்பது 1970-லேயே ஐ.நா. பொதுச்சபை தீர்மானத்தில் ஏறிய இலக்கு. 2024-ல் பணக்கார நாடுகள் மொத்தமாகக் கொடுத்தது சுமார் 21,200 கோடி டாலர், வருமானத்தில் 0.33 சதவீதம். பாதிகூட இல்லை. 0.7-ஐத் தாண்டியவை நாலே நாடுகள்: நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், டென்மார்க். அதே 2024-ல் உலகம் ராணுவத்துக்குச் செலவழித்தது 2.7 லட்சம் கோடி டாலர், வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேலும் இறங்குமுகம்தான். பிரிட்டன் 0.5-லிருந்து 2027-க்குள் 0.3-க்கு வருகிறது. அமெரிக்கா யூஎஸ்எய்ட் என்ற தன் வெளிநாட்டு உதவி அமைப்பையே 2025 ஜூலையில் இழுத்து மூடிவிட்டது. அதை நம்பி மருந்து வாங்கிக்கொண்டிருந்த ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்கு மாற்று ஏற்பாடு செய்யக்கூட அவகாசம் கொடுக்கவில்லை. உதவி என்ற பேரில் செல்வாக்கு வாங்கினார்கள் என்று அந்த அமைப்பைத் திட்டியவர்களில் நானும் ஒருவன், ஆனால் இப்படி ஒரே ராத்திரியில் குழாயை அடைப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

பருவநிலை மாநாட்டில் 30,000 கோடி டாலர் தருகிறோம் என்றார்களே?

2024 நவம்பரில் பாக்கூவில் ஒத்துக்கொண்டது, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று. வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி. தலைவர் சுத்தியலைத் தட்டி முடித்ததும் இந்தியாவின் பிரதிநிதி சாந்தினி ரெய்னா எழுந்து, இந்த ஆவணம் வெறும் கண்கட்டு வித்தை, இதை ஏற்க மாட்டோம் என்று பேசினார். பேசியது சரிதான், ஆனால் சுத்தியல் தட்டியாகிவிட்டது.

முந்தைய வாக்குறுதியின் கதையைத் தெரிந்துகொண்டால் அவர் கோபம் புரியும். 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009-ல் கோபன்ஹேகனில் சொன்னார்கள், அந்தத் தொகையை முதல் தடவையாகத் தொட்டது 2022-ல். அதிலும் அரசுப் பணத்தில் பாதிக்கு மேல் கடன். புயல் வந்து வீடு போனவன் கையில் கடன் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு அதையும் உதவிக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். என் தணிக்கையில் யாராவது இப்படி எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையே சிவப்பில் சுழித்திருப்பேன்.

ஏழை நாடுகளுக்குப் பிரச்சினை பணம் கிடைக்காததா, வட்டியா?

வட்டிதான். என்னைப் பொறுத்தவரை மொத்த விவகாரத்தின் மையமே இதுதான், மாநாட்டு அறிவிப்புகளில் இது கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

ஒரே மாடியில் ஒரே மாதிரி இரண்டு ஃப்ளாட். ஒருவருக்கு அரசு வேலை, எட்டு சதவீதத்தில் வீட்டுக் கடன். எதிர்வீட்டுக்காரர் சொந்தத் தொழில், வங்கி நம்பாததால் பதினாறு சதவீதத்தில் வெளியே வாங்குகிறார். இருபது வருடம் கழித்து இரண்டாமவர் கட்டியிருப்பது முதலாமவர் கட்டியதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், வீடு என்னவோ அதே வீடுதான். சூரிய மின் நிலையத்திலும் இதே கதை நடக்கிறது: வெயில் அதிகம் அடிக்கிற ஆப்பிரிக்க நாட்டில், பேனல் அதே விலை என்றாலும், கடன் விலை அதிகமாக இருப்பதால் மின்சாரம் ஐரோப்பாவைவிட விலை ஏறிப்போகிறது. சுகாதாரத்துக்கோ கல்விக்கோ செலவழிப்பதைவிட வட்டிக்கு அதிகம் கட்டும் நாடுகளில் 340 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்பது ஐ.நா. வணிக, வளர்ச்சி அமைப்பின் 2025 கணக்கு.

மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. ஐஎம்எஃப் என்கிற பன்னாட்டு நிதியத்தில் பெரிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும், அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அமெரிக்கா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 2021 ஆகஸ்டில் கொரோனாவுக்காக நிதியம் 65,000 கோடி டாலர் மதிப்புக்கு எஸ்டிஆர் என்ற தன் கையிருப்புச் சொத்தை உருவாக்கி நாடுகளுக்குப் பங்கு பிரித்தது. பங்கு பிரித்தது தேவையைப் பார்த்து இல்லை, நிதியத்தில் யாருக்கு எவ்வளவு பங்கோ அந்த விகிதத்தில். அதனால் மொத்த ஆப்பிரிக்கக் கண்டத்துக்கும் கிடைத்தது சுமார் 3,300 கோடி டாலர். இந்தியாவுக்கு மட்டும் சுமார் 1,790 கோடி. நமக்கு அப்போது அது கட்டாயமாகத் தேவைப்படவும் இல்லை.

இலங்கையில் நடந்தது இதனால்தானா?

இதுவும் ஒரு காரணம். வரியைக் குறைத்தது, ரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தது, கொரோனாவில் சுற்றுலா படுத்தது எல்லாம் சேர்ந்துதான் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிக்கும் நிலைக்கு வந்தார்கள். ஆனால் நிறையப் பேர் சீனக் கடன் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கழுத்தைப் பிடித்தது சந்தையில் விற்ற டாலர் கடன் பத்திரங்கள்: வட்டி அதிகம், ஒரே நாளில் மொத்த அசலும் கட்ட வேண்டும், கொடுத்தவர் யார் என்றுகூடத் தெரியாது, கூப்பிட்டுப் பேச ஆள் கிடையாது.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். இந்தியா 2022-ல் சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் எரிபொருளும் உணவும் கொடுத்தது. 2023 மார்ச்சில் நிதியம் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கடன் கொடுத்த அரசுகளின் குழுவுக்கு இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் கூட்டுத் தலைமை. சீனா தனியாகப் பேசிக்கொண்டது. அரசுகளோடு ஒப்பந்தம் முடிந்தது 2024 ஜூனில், பத்திரக்காரர்களோடு 2024 டிசம்பரில். இரண்டரை வருடத்துக்கு மேல். யாழ்ப்பாணத்திலும் நுவரெலியாவிலும் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த இரண்டரை வருடம் எப்படிப் போயிருக்கும்? திவாலாகும் கம்பெனிக்கு நீதிமன்றம் இருக்கிறது, நாட்டுக்கு அப்படி ஒன்று இல்லை.

நாமே கடன் வாங்குகிறோம், நாம் ஏன் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்?

இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கிறதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இந்தியா இதை 1964-லிருந்தே செய்கிறது. ஐடெக் என்ற திட்டத்தில் ஆப்பிரிக்க, ஆசிய நாட்டு அதிகாரிகள் நம் செலவில் இங்கே வந்து பயிற்சி எடுக்கிறார்கள். 2025-26 பட்ஜெட்டில் பூட்டானுக்கு மட்டும் 2,150 கோடி ரூபாய். ஏற்றுமதி-இறக்குமதிக்கான அரசு வங்கியான எக்ஸிம் வங்கி மூலம் போகும் கடன்கள் தனி.

தமிழர்களுக்கு இதில் தனிக் கணக்கே இருக்கிறது. போருக்கு அப்புறம் இலங்கையில் இந்திய மானியத்தில் 50,000 வீடுகள் என்ற திட்டத்தில் 46,000 வடக்கிலும் கிழக்கிலும், 4,000 மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு. அப்புறம் மலையகத்துக்கு இன்னும் 10,000 என்று 2017-ல் அறிவித்தார்கள். இந்தியக் கடனில் வடக்கு ரயில் பாதையைத் திரும்பப் போட்டு 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் போனது. நாம் கொடுக்கும் கடனிலும் இந்தியப் பொருள், இந்தியக் கம்பெனி என்ற கட்டு உண்டு, ஜப்பானை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

தனியார் முதலீடு வந்தால் கடன் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

சூரிய மின்சாரத்துக்கு வரும், டோல் ரோட்டுக்கு வரும். தொட்டபள்ளாப்பூர் பக்கம் ஒரு சின்ன ஊரின் சாக்கடைச் சுத்திகரிப்புக்கு யார் வருவார்கள்? வருமானம் இல்லாத இடத்துக்கு முதலீட்டாளர் வர மாட்டார். அரசுப் பணத்தைக் கொஞ்சம் முன்னால் போட்டால் தனியார் பணம் பின்னால் கொட்டும் என்று 2015-லிருந்து மாநாடு மாநாடாகச் சொன்னார்கள், சொன்ன அளவுக்கு வரவில்லை.

ஆனால் புத்தியோடு செய்தால் நடக்கும் என்பதற்கு நம் ஊர் உதாரணங்கள் இருக்கின்றன. 1997-லேயே பெங்களூர் மாநகராட்சி 125 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் விற்றது, இந்தியாவில் நகராட்சிப் பத்திரத்துக்கு இதுதான் பிள்ளையார் சுழி. தமிழ்நாடு இன்னும் ஒரு படி போய், தனியாகச் சந்தைக்குப் போக முடியாத 13 உள்ளாட்சிகளைச் சேர்த்து 2002-03-ல் சுமார் 30 கோடி ரூபாய்க்குக் குடிநீர், சுகாதாரத்துக்கென்று கூட்டுப் பத்திரம் போட்டது. அதன் அசலில் பாதிக்கு உத்தரவாதம் கொடுத்தது யார் தெரியுமா? இப்போது மூடிவிட்ட அதே யூஎஸ்எய்ட். ரொக்கமாகப் பெரிய தொகை கொடுக்காமல், பக்கத்தில் நின்று நான் பொறுப்பு என்று சொன்னதே வட்டியைக் குறைத்தது. எனக்குப் பிடித்த உதவி இந்த வகைதான்.

செவில்யா மாநாட்டில் என்ன கிழித்தார்கள்?

மேலே சொன்ன மான்டெர்ரே, தோஹா, அடிஸ் அபாபா வரிசையில், வளர்ச்சிக்கான நிதி பற்றிய நாலாவது மாநாடு இது, 2025 ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை ஸ்பெயினில் நடந்தது. அமெரிக்கா முன்னாலேயே விலகிவிட்டது. மற்றவர்கள் ஒரு உடன்பாட்டை ஏற்றார்கள். அதில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒன்று, கடன் வாங்கும் நாடுகளுக்கென்று தனி மன்றம். கொடுத்தவர்களுக்குப் பாரிஸ் கிளப் என்று 1956-லிருந்து சங்கம் இருக்கிறது, வாங்கினவர்கள் தனித்தனியாகத்தான் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. கட்ட முடியாத கடனைத் தீர்த்து வைக்க ஐ.நா.வின் கீழ் ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று ஆப்பிரிக்க நாடுகள் கேட்டது நீர்த்துப்போய்விட்டது.

துபாயில் இருக்கிற என் தம்பி வீட்டுக்கு அனுப்புகிற பணமும் இந்தக் கணக்கில் வருமா?

உதவிக் கணக்கில் வராது, ஆனால் இலக்குகளில் வருகிறது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணத்துக்கான செலவு 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது 10-வது இலக்கில் ஒரு உப இலக்கு. உலகச் சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கு மேல். 2024-25-ல் இந்தியாவுக்கு இப்படி வந்தது சுமார் 13,500 கோடி டாலர், மேலே சொன்ன உலகத்தின் மொத்த வளர்ச்சி உதவியில் பாதிக்கும் மேல். 2023-24 கணக்குப்படி மாநிலங்களில் மகாராஷ்டிரா, கேரளாவுக்கு அடுத்து தமிழ்நாடு, 10.4 சதவீதம். எந்த மாநாடும் கூட்டாமல், எந்தப் பலகையும் வைக்காமல் வருகிற பணம்.

எங்கள் டிரஸ்டுக்கு வெளிநாட்டு நிதி வாங்கலாமா அண்ணா?

வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவு இல்லாமல் ஒரு பைசா தொடாதீர்கள். 2020 திருத்தத்துக்கு அப்புறம் முதலில் டெல்லி பார்லிமெண்ட் தெரு ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் பணம் இறங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. பெங்களூரில் இருந்துகொண்டு உள்ளூர்க் கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தைத் தேடுவது எவ்வளவோ சுலபம்.

இதில் எல்லாரும் காசு அடிக்க மாட்டார்களா?

முயற்சி நடக்கும். ஆனால் இந்த வங்கிகளின் பணத்தில் ஒரு கூடுதல் பூட்டு உண்டு: ஏமாற்றிய கம்பெனியின் பெயரைப் பகிரங்கப் பட்டியலில் போட்டுவிடுவார்கள். 2010-லிருந்து ஒரு வங்கி தடை செய்தால் மற்ற பெரிய வளர்ச்சி வங்கிகளும் தடை செய்யலாம் என்று ஒப்பந்தம் இருக்கிறது. கான்டிராக்டர்கள் போலீஸைவிட இதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

காசைவிட எனக்குக் கவலை, வீடும் நிலமும் போகிறவர்கள். அவர்கள் உலக வங்கியிடமே புகார் கொடுக்கும் வழி, நர்மதை மக்கள் போராடியதால் வந்தது. சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி கொடுத்த கடனை ஆராய மோர்ஸ் தலைமையில் குழு போட்டு, 1992-ல் அந்த அறிக்கை மறுகுடியமர்வு சரியில்லை என்று சொல்லி, 1993 மார்ச்சில் மீதிக் கடனே வேண்டாம் என்று இந்தியா விலகியது. அதே ஆண்டில்தான் உலக வங்கி ஆய்வுக் குழு என்ற அமைப்பை உருவாக்கியது. இன்றைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, ஜைக்கா, பெய்ஜிங் வங்கி எல்லாரிடமும் அப்படி ஒரு கதவு இருக்கிறது.

என் வீட்டுப் பக்கம் நடக்கிற வேலைக்கு யார் கடன், என்ன நிபந்தனை என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் வேலை நடக்கும் இடத்துப் பலகையில் திட்டத்தின் முழுப் பெயரையும் கடன் கொடுத்தவர் பெயரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வங்கியின் இணையதளத்தில் அதே பெயரைப் போட்டுத் தேடினால் திட்ட மதிப்பீடு, சுற்றுச்சூழல் அறிக்கை, வீடு-நிலம் இழப்பவர்களுக்கான மறுகுடியமர்வுத் திட்டம் எல்லாம் பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காததை ஆர்டிஐயில் கேளுங்கள், கட்டணம் 10 ரூபாய். கேட்கும்போது "கடன் விவரம் தரவும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள், அதற்கு மொட்டையாகத்தான் பதில் வரும். கடன் ஒப்பந்தத்தின் நகல், இதுவரை எடுத்த தொகை, எடுக்காத தொகைக்குக் கட்டிய கட்டணம், அசல் தவணை ஆரம்பிக்கும் தேதி என்று நாலையும் தனித்தனி எண் போட்டுக் கேளுங்கள். மாநில அலுவலகத்துக்குக் கன்னடத்தில் எழுதினால் சீக்கிரம் நகரும், எழுத ஆள் இல்லையென்றால் ஆங்கிலத்திலும் வாங்கிக்கொள்வார்கள்.